தரிசில் விளைந்த மனநிறைவு

சோழபுரத்தில் நின்று மேற்கே நோக்குவீராயின் மேற்குத் தொடர்ச்சி மலை தெரியும். அத்தொடரின் மறுபுறம், வடக்கே காசர்கோடு மாவட்டத்தில், அப்துல் கரீம் என்பார் 1977 ஆம் ஆண்டில் ஐந்து ஏக்கர் செம்புறைப் பாறைத் தரிசை விலைக்கு வாங்கினார். சுற்றத்தார் நகைத்தனர். கிணற்றிலோ நீர் அரிது. தொலைவிலிருந்து இருசக்கர வண்டியில் நீர் கொணர்ந்து வார்த்தும், முதலில் நட்ட கன்றுகள் பெரும்பாலும் பட்டுப்போயின. மீண்டும் நட்டார். மூன்றாம் ஆண்டளவில் சில வேர்பிடித்தன; பறவைகள் வந்தன; அவை எச்சத்தோடு இட்ட விதைகள் தாமே முளைத்தன. நிலம் பின்னர் 32 ஏக்கராக விரிந்தது. மழைநீர் மண்ணில் தங்கவே, வற்றிய கிணறும் ஊறலாயிற்று.

முஸ்லிம் ஒருவர் நட்டதிலிருந்து மனிதரோ பறவையோ விலங்கோ உண்டால் அது அவருக்குத் தர்மமாகும் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்ததை புகாரி, முஸ்லிம் இரு நூல்களிலும் காணலாம். இறுதி நாள் நெருங்கிவிட்ட வேளையிலும் கையிலுள்ள கன்றை நட்டுவிடுமாறு பணித்த அறிவிப்பும் உண்டு. அதன் நிழலை நடுபவர் காணப்போவதில்லையே! வெப்பம் மிகுந்துவரும் இந்நாளில், ‘என் ஒரு கன்றால் ஆவதென்ன?’ என்று சோர்வுறும் இளைஞருக்கு இதனினும் வேறு விடை வேண்டுமோ?

கரீம் தாம் வளர்த்த காட்டிலேயே வீடமைத்து வாழலானார். அதனை உல்லாச விடுதியாக்கிப் பொருளீட்டலாம் என்றோரின் யோசனையை அவர் ஏற்கவில்லை.