கம்பியின் ஆற்றல் எங்கே கசிகிறது?

“மின்சார பேஸ் கிட்டார் ஒன்றுக்கு நானே பாடி செய்யப்போகிறேன். நெக் தயாராக வாங்கி வைத்திருக்கிறேன். மகாகனியில் செய்தால் ஒலி கனமாக வரும், ஆஷ் மரத்தில் செய்தால் பளிச்சென்று வரும் என்கிறார்கள். எனக்குத் தேக்கும் மலைவேம்பும்தான் கிடைக்கின்றன. எதை அறுக்கலாம்?” என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

இரண்டில் எதை வேண்டுமானாலும் அறுக்கலாம். ஆனால் ஒலியை மனதில் வைத்து மரத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். ஒலியைக் கெடுக்கக்கூடிய முக்கியமான இடம் வேறு. அதைப் பற்றிக் கிட்டார் கடைகளில் யாரும் அதிகம் பேசுவதில்லை.

பிக்கப் என்பது காந்தமும், அதைச் சுற்றிப் பல்லாயிரம் சுற்றுகளாகச் சுற்றிய, முடியைவிட மெல்லிய செம்புக் கம்பியும்தான். மேலே எஃகுக் கம்பி அசைந்தால் சுருளில் மின்னோட்டம் பிறக்கிறது. நைலான் கம்பியைப் பூட்டி மீட்டிப் பாருங்கள். மரம் அதேபோலத்தான் அதிரும், ஆம்ப்ளிஃபயரில் ஒன்றும் கேட்காது. பிக்கப்புக்கு மரம் தெரியாது. தனக்கு மேலே எஃகு எப்படி அசைகிறது என்பது மட்டுமே தெரியும்.

வீணையில் கதை நேர் எதிர். அங்கே கம்பியின் ஆற்றலைப் பலாமரம் வாங்கிக் காற்றுக்குக் கொடுத்தால்தான் காதில் விழும். மரம் வாங்குவது அங்கே வேலை, மின்சார பேஸிலோ அது இழப்பு. மரத்துக்குள் போன ஆற்றல் கம்பிக்குத் திரும்பாவிட்டால், சுரம் அந்த அளவுக்குச் சீக்கிரம் அடங்கும். ஆகவே “இந்த மரம் கையில் பிடித்தாலே பாடும்” என்று யாராவது ஒரு பலகையை விற்க வந்தால், அவர் அதன் குறையைத்தான் சொல்கிறார். மின்சார பேஸுக்கு வேண்டியது வாய் திறக்காத மரம்.

மரத்தாலேயே ஒலிக்கும் சாதாரண கிட்டாரில்கூட மரத்தின் பெயருக்குத் தரும் மதிப்பு மிகை என்றே தோன்றுகிறது. இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். பின்பலகையும் பக்கப்பலகையும் மட்டும் வேறு வேறு மரம், மற்றதெல்லாம் ஒன்றே என்று 6 கிட்டார்கள் செய்யப்பட்டன. விலை உயர்ந்த பிரேசில் ஈட்டியும் அதில் உண்டு, சாதாரண மகாகனியும் உண்டு. 52 கிட்டார் கலைஞர்கள், எது எந்த மரம் என்று கண்ணுக்குத் தெரியாதபடி வாசித்துப் பார்த்து மதிப்பெண் போட்டார்கள். ஒலித்தரத்தில் ஆறுக்கும் கிட்டத்தட்ட ஒரே மதிப்பெண். அங்கேயே இப்படியென்றால், ஒலியைப் பிக்கப்பிடம் ஒப்படைத்துவிட்ட ஒரு பலகைக்கு மரத்தின் பெயரைச் சொல்லிக் கூடுதல் பணம் கேட்பதை எப்படி ஏற்பது?

சரி, கம்பியின் ஆற்றல் எங்கேதான் போகிறது? பேஸ் வாசிப்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்த ஒரு சங்கடத்திலிருந்து தொடங்கலாம். ஃபெண்டர் மாதிரியில் செய்த பல பேஸ்களில், மிக மெல்லிய கம்பியான ஜி-யில் 5-வது ஃப்ரெட்டுக்கும் 7-வதுக்கும் இடையே ஓரிடம் இருக்கும். அதற்கு முன்னும் பின்னும் உள்ள சுரங்கள் பல வினாடிகள் நின்று ஒலிக்கும். அந்த இடத்தில் மட்டும் மீட்டியவுடன் சுரம் தொப்பென்று விழும். கவனித்துக் கேட்டால் முழுதாக மறைவதில்லை. அடிச்சுரம் போய்விடும், அதற்கு ஒரு ஸ்தாயி மேலே உள்ள மெல்லிய மேற்சுரம் மட்டும் மிஞ்சி நிற்கும். வாசிப்பவர்கள் இதை ‘டெட் ஸ்பாட்’ என்பார்கள். கம்பி பழையது, பிக்கப் சரியில்லை, மரம் மட்டம் என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். புதுக் கம்பி போட்டாலும் அந்த இடம் நகராது.

கம்பிக்கு முனை இரண்டு. ஒன்று பிரிட்ஜ். இரண்டு கிலோ மரத்தில் திருகி இறுக்கிய உலோகத் துண்டு அது, லேசில் அசையாது. இன்னொரு முனை, விரல் அழுத்தும் ஃப்ரெட். அது இருப்பதோ இரண்டு அடிக்கு மேல் நீண்டு, நுனியில் கனமான ட்யூனர்கள் தொங்கும் ஒரு மெல்லிய மரக்கட்டையின் மேல். நெக் என்று நாம் சொல்லும் அந்தக் கட்டை வளையும். வளைந்து ஆடுவதற்கு அதற்கென்று சொந்தமாக ஒரு வேகம் உண்டு. வம்பு அங்கேதான்.

வேப்பமரக் கிளையில் ஊஞ்சல் கட்டியிருப்பதாக வைத்துக்கொள்வோம். ஊஞ்சல்தான் கம்பி, கிளை நெக், அடிமரம் பாடி. கிளை தடிமனாக இருந்தால் ஒருமுறை தள்ளிவிட்ட ஊஞ்சல் வெகுநேரம் ஆடும். கிளை கொஞ்சம் மெல்லியது, ஆனால் அதன் சொந்த ஆட்டம் ஊஞ்சலைவிட மிக வேகமானது என்றாலும் பாதகமில்லை. ஊஞ்சல் இழுக்கும்போது கிளை சற்று வளையும், உடனே நிமிர்ந்து, வாங்கியதைத் திருப்பிக் கொடுத்துவிடும். இரண்டின் வேகமும் ஒன்றாக அமைந்துவிட்டால்தான் ஆபத்து. கிளை எந்தப் பக்கம் போக முற்படுகிறதோ, அதே கணத்தில் ஊஞ்சலும் அதை அந்தப் பக்கமே இழுக்கும். கொடுக்கல் உண்டு, வாங்கல் இல்லை என்றாகிவிடும். கிளை பெரிதாக ஆடத் தொடங்கும். இலைகள் காற்றை அடிக்கும், வேப்பம்பழம் உதிரும், காகம் எழுந்து பறக்கும். ஊஞ்சலில் இருக்கும் குழந்தை, ஏன் நின்றுபோனது என்று திரும்பிப் பார்க்கும். குழந்தையைத் தள்ளிய கையின் உழைப்பெல்லாம் காகத்தை விரட்டப் போய்விட்டது.

ஜி கம்பி சும்மா ஒலித்தால் வினாடிக்கு 98 அதிர்வு. 5-வது ஃப்ரெட்டில் ஏறத்தாழ 131, 7-வதில் 147. நெக்கின் சொந்த வேகங்களில் ஒன்று இந்த இடைவெளிக்குள் விழுந்தால் அங்கே சுரம் சாகிறது. மேற்சுரத்தின் வேகம் இரு மடங்கு என்பதால் அது நெக்கோடு ஒத்துப்போவதில்லை, தப்பித்துக்கொள்கிறது. ஒரு ஸ்தாயி மேலே ஏதோ மிஞ்சிக் கேட்கிறதே என்பதற்கு விடை இதுதான்.

மியூனிக்கில் உள்ள ஜெர்மானிய ராணுவப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹெல்முட் ஃப்ளைஷர், 1990-களின் இறுதியில் டில்மன் ஸ்விக்கருடன் சேர்ந்து மின்சாரக் கிட்டார்களையும், பின்னர் பேஸையும் அளந்தார். ஒவ்வொரு ஃப்ரெட்டிலும் நெக் கம்பியிடமிருந்து எவ்வளவு எளிதாக ஆற்றலை வாங்குகிறது என்பதுதான் அளவு. எந்த இடத்தில், எந்த அதிர்வெண்ணில் நெக் தாராளமாக வாங்குகிறதோ, அங்கேயே சுரம் சீக்கிரம் அடங்கியது. பிரிட்ஜ் முனை வாங்கியது அதோடு ஒப்பிடப் பொருட்டே இல்லை. மரத்தைப் பற்றிய இத்தனை பேச்சும் அந்தப் பொருட்டில்லாத முனையைப் பற்றியது.

அவர்களுடைய அளவீட்டில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இன்னொன்று. நெக், கம்பிகளின் தளத்துக்குச் செங்குத்தாக, அதாவது வாசிப்பவரின் வயிற்றை நோக்கியும் விலகியும்தான் எளிதில் வளையும். பக்கவாட்டில் விறைப்பு அதிகம். பேஸ் வாசிப்பவரின் விரல் கம்பியைப் பெரும்பாலும் பக்கவாட்டில்தான் இழுத்து விடுகிறது. அப்படியானால் நெக் ஆற்றலை வாங்கக் கூடாதே? தொடக்கத்தில் வாங்குவதில்லைதான். ஆனால் கம்பி ஒரே தளத்தில் நிற்பதில்லை. அதன் ஆட்டம் மெல்லத் திரும்பிச் செங்குத்துத் தளத்துக்கு வரும். வந்தவுடன் நெக் விழுங்கிவிடும். கிளையின் நீளவாக்கில் ஆடும் ஊஞ்சல் கிளையை அவ்வளவாக அசைக்காது. கயிறு முறுக்கிக்கொண்டு குறுக்குவாக்கில் திரும்பிய பிறகுதான் கிளை ஆடும். சுரம் முதல் கணம் நன்றாகத் தொடங்கிவிட்டு, பிறகு கால் தடுக்கியதுபோல் விழுவதற்கு இதுவே காரணம்.

வீட்டிலேயே சோதிக்கலாம். டெட் ஸ்பாட்டில் மீட்டிக்கொண்டே ட்யூனர்கள் உள்ள நெக்கின் தலைப்பகுதியான ஹெட்ஸ்டாக்கின் நுனியைச் சுவரிலோ கனமான அலமாரியிலோ அழுத்திப் பிடியுங்கள். செத்த சுரம் உயிர் பெறும், அல்லது செத்த இடம் பக்கத்து ஃப்ரெட்டுக்கு நகரும். ஹெட்ஸ்டாக்கில் ஒரு கிளாம்ப் மாட்டினாலும் நகரும். கிளையின் நுனியில் கல்லைக் கட்டினால் அதன் ஆட்டம் மெதுவாகும் அல்லவா? அதுதான். இந்தக் காரியத்துக்கென்றே உலோகத் தகடுகளைப் பெரிய விளம்பரத்தோடு விற்கிறார்கள். டெட் ஸ்பாட்டை ஒழிக்கும் என்பது மிகை. அதை வேறிடத்துக்கு அனுப்பும், அவ்வளவே. நீங்கள் அதிகம் தொடாத இடத்துக்குப் போனால் லாபம்.

உண்மையாகவே ஒழிக்க வேண்டுமானால் கிளையின் வேகத்தைத் தாறுமாறாக ஏற்ற வேண்டும். நுனியை வெட்டு, கிளையை விறைப்பாக்கு. நெட் ஸ்டைன்பெர்கர் 1980 வாக்கில் அதைத்தான் செய்தார். ஹெட்ஸ்டாக்கே கிடையாது, ட்யூனர்கள் பிரிட்ஜ் பக்கம் போய்விட்டன, நெக் மரமல்ல, கார்பன் இழை. பாடி ஒரு சிறு பெட்டி அளவுக்குச் சுருங்கிவிட்டது. மரத்தால்தான் ஒலி என்பது முழு உண்மையாக இருந்தால் அந்த பேஸில் ஒலியே வந்திருக்கக் கூடாது.

அப்படியானால் ஆஷ் மரம் என்ற பேச்சு எங்கிருந்து வந்தது? கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்ட்டனில், முன்பு வானொலி பழுதுபார்த்த லியோ ஃபெண்டர் 1951-இல் பிரிசிஷன் பேஸைக் கொண்டுவந்தார். பாடிக்கு முதலில் ஆஷ், 1950-களின் நடுவிலிருந்து பெரும்பாலும் ஆல்டர். அவர் கிட்டார் வாசிக்கத் தெரியாதவர். கிடைப்பது, அறுக்க எளிதானது, வண்ணம் பிடிப்பது என்று பார்த்த ஒரு தொழிற்சாலைக்காரரின் தேர்வு பிற்காலத்தில் வேதவாக்காகிவிட்டது.

இப்போது வாசகரின் பட்டறைக்கு வருவோம். ஊஞ்சல் கட்டும்போது அடிமரம் வேம்பா புளியா என்று யாரும் கேட்பதில்லை. உறுதியாக நிற்கிறதா, கிளை அதில் உறுதியாகப் பற்றியிருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். பாடியில் அந்தப் பற்று, நெக் வந்து உட்காரும் குழி. ஃபெண்டர் மாதிரி நெக்கின் அடி ஏறத்தாழ 63 மில்லிமீட்டர் அகலம், குழியின் ஆழம் சுமார் 16. டெம்ப்ளேட்டை நெக்கின் அடியை வைத்தே செய்யுங்கள், படத்தில் உள்ள அளவை வைத்து அல்ல. ரூட்டரால் ஒரு மயிரிழை குறைவாக வெட்டிவிட்டு, உப்புத்தாளால் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்துத் தேய்த்துப் பொருத்திப் பாருங்கள். திருகாணி போடாமல் நெக்கைப் பிடித்துத் தூக்கினால் பாடியும் கூடவே எழ வேண்டும். குழியின் அடித்தளம் சமமாக இருப்பது பக்கங்களைவிட முக்கியம். நான்கு கம்பிகளும் சேர்ந்து 75 கிலோ அளவுக்கு இழுக்கும் விசையை இந்த மூட்டு வருடக்கணக்கில் தாங்க வேண்டும்.

பிரிட்ஜின் இடம் அடுத்தது. ஹெட்ஸ்டாக்கை ஒட்டிக் கம்பிகளைத் தாங்கும் நட்டிலிருந்து 12-வது ஃப்ரெட்டுக்கு உள்ள தூரத்தின் இரு மடங்கு கம்பி நீளம். வழக்கமான பேஸில் 864 மில்லிமீட்டர். பிரிட்ஜின் நகரும் சேடில்களை முன்னால், நெக் பக்கமாக ஏறக்குறைய முழுவதும் தள்ளி வைத்து, அந்த நிலையில் 864 வரும்படி பிரிட்ஜைப் பொருத்துங்கள். சுருதி சரிசெய்யும்போது சேடில் பின்னால்தான் போகும். தடித்த கம்பிக்கு இன்னும் அதிகம் போகும். நடுக்கோட்டைப் பென்சிலை நம்பிப் போடாதீர்கள். நெக்கை மாட்டிவிட்டு, நட்டின் இரண்டு ஓரப் பள்ளங்களிலிருந்தும் தையல் நூலை இழுத்துப் பிரிட்ஜ் வரை கட்டுங்கள். நெக்கின் இரு ஓரத்திலும் நூல் சமமாக ஓடும் இடத்தில்தான் பிரிட்ஜுக்குத் துளை.

பிக்கப் குழியை எங்கே வெட்டுகிறீர்கள் என்பது, எந்த மரத்தில் வெட்டுகிறீர்கள் என்பதைவிடப் பல மடங்கு ஒலியை மாற்றும். பிரிட்ஜை நெருங்க நெருங்க அடிச்சுரம் மெலியும், மேற்சுரங்கள் தூக்கலாகும். கம்பி நீளத்தில் நான்கில் ஒரு பங்குத் தூரத்தில் ஒரு மந்திரப் புள்ளி இருப்பதாகச் சிலர் சொல்வார்கள். சும்மா ஒலிக்கும் கம்பிக்கு அங்கே நான்கு மடங்கு வேகமுள்ள மேற்சுரம் அசையாமல் நிற்கும் என்பது உண்மை. முதல் ஃப்ரெட்டில் விரலை வைத்த நொடியே அந்தப் புள்ளி நகர்ந்துவிடும் என்பதும் உண்மை.

மரத்தைத் தேர்ந்தெடுக்க நியாயமான காரணம் எடை. பிரிசிஷன் அளவுள்ள ஆல்டர் பாடி சுமார் 2 கிலோ. அதே வடிவத்தை, அதே 45 மில்லிமீட்டர் கனத்தில் தேக்கில் அறுத்தால் 3 கிலோவை நெருங்கும். ஈட்டியில் அறுத்தால் மூன்றரையைத் தாண்டும். தோளில் இரண்டு மணி நேரம் மாட்டி நிற்பவருக்கு இந்த ஒரு கிலோ பெரிய விஷயம். மலைவேம்பு லேசானது, நன்றாக உலர்ந்த, ஈரம் 12 சதவீதத்துக்கு மேல் போகாத, முடிச்சில்லாத பலகை கிடைத்தால் அதையே எடுங்கள். தேக்கை விட மனமில்லையென்றால் உட்புறத்தைக் குடைந்து எடை குறைக்கலாம், ஒலிக்குக் கேடில்லை.

ஆனால் பாடியை லேசாக்கும்போது வேறொரு தொல்லை எழும். வழக்கமான ட்யூனர்கள் நான்கும் ஏறத்தாழ 400 கிராம், அதுவும் பாடியிலிருந்து வெகு தொலைவில். கையை எடுத்தால் நெக் தரையைப் பார்த்துச் சரியும். இதற்கு மருந்து, பாடியின் மேல் கொம்பை நீட்டி, ஸ்ட்ராப் மாட்டும் குமிழ் 12-வது ஃப்ரெட்டின் நேருக்கு வரும்படி வடிவமைப்பது. இதைக் காகிதத்தில் கணக்குப் போட்டு நம்பாமல், ஒரு பிளைவுட் பலகையில் வடிவத்தை வெட்டி, நெக்கைத் திருகி, பிரிட்ஜின் எடைக்கு ஈடாக அங்கே எதையாவது கட்டி, ஸ்ட்ராப் போட்டுத் தோளில் மாட்டிப் பாருங்கள். பிளைவுட்டின் எடை உங்கள் பலகையின் எடைக்கு எவ்வளவு குறைகிறதோ, அவ்வளவையும் பாடியின் நடுவில் ஒட்டிக்கொள்ளுங்கள். இரண்டு கையையும் விட்டுவிட்டு நிற்கும்போது நெக் கிடையாகவோ சற்று மேல்நோக்கியோ நின்றால், அந்தப் பிளைவுட்டையே டெம்ப்ளேட்டாக வைத்துக்கொண்டு மரத்தில் கோடு போடலாம்.