இரத்தம் எழுதிவைத்த கணக்கு

2020 மே மாதம் கோயம்பேடு சந்தை கொரோனாவால் மூடப்பட்டது. காய்கறி லாரிகள் பூந்தமல்லியைத் தாண்டித் திருமழிசைக்குப் போயின. அவசரமாகப் போட்ட கொட்டகைகளில் தக்காளியும் வெங்காயமும் இறங்கின. தினமும் மாலையில் சுகாதாரத் துறை அன்றைய எண்ணிக்கையை வெளியிடும்; அதைத் தொலைக்காட்சியில் கேட்ட பிறகுதான் பல வீடுகளில் சாப்பாடே. அந்த எண் ஒன்றைத்தான் சொன்னது: பரிசோதனைக்கு வந்தவர்களில் எத்தனை பேருக்குத் தொற்று உறுதியானது என்று. காய்ச்சல் வந்து தானே தணிந்தவர்கள், தொண்டைக் கரகரப்போடு வேலைக்குப் போய்வந்தவர்கள், எந்த அறிகுறியும் இல்லாமல் கிருமியைச் சுமந்து கடந்தவர்கள் யாரும் அதில் இல்லை.

அவர்களை எண்ணும் வேலையும் அதே மாதத்தில் நடந்துகொண்டிருந்தது. அதை முன்னின்று நடத்திய இடம் அம்பத்தூரை அடுத்த அயப்பாக்கத்தில், வீட்டு வசதி வாரியக் குடியிருப்பை ஒட்டி இருக்கிறது: இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆரின் தேசிய தொற்றுநோயியல் நிறுவனம். அக்கம்பக்கத்தில் குடியிருப்பவர்களிலேயே பலருக்கு அங்கே என்ன நடக்கிறது என்று தெரிந்திருக்காது. அடுத்த கொள்ளைநோய்க்கு இந்த நாடு எவ்வளவு தயாராக இருக்கும் என்பதை முடிவு செய்யும் இடங்களில் அதுவும் ஒன்று என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

முதல் கணக்கெடுப்பு மே 11இல் தொடங்கி ஜூன் 4இல் முடிந்தது. 21 மாநிலங்களில் 70 மாவட்டங்கள். மாவட்டத்துக்குப் பத்து இடங்கள். இடத்துக்கு நாற்பது பேர். மொத்தம் 28,000 பேரிடம் சிறிதளவு இரத்தம் எடுத்தார்கள். தமிழ்நாட்டில் சென்னை, கோவை, திருவண்ணாமலை ஆகிய மூன்று மாவட்டங்கள். யார் வீட்டுக்குப் போவது என்பதைக் களப்பணியாளர் தன் விருப்பப்படி தீர்மானிக்க முடியாது. குலுக்கல் முறைதான் தீர்மானிக்கும். காய்ச்சல் வந்தவர் வீடா, வராதவர் வீடா என்ற பேதமே கிடையாது. நூறு கோடிக்கும் மேற்பட்ட மக்களைப் பற்றி 28,000 பேரை வைத்துப் பேச முடிவது இந்தப் பாரபட்சமின்மையால்தான்.

அந்தச் சிறிதளவு இரத்தத்தில் என்ன தேடினார்கள்? கிருமியை அல்ல. கிருமி சில நாட்களில் போய்விடும். அது வந்துபோனதற்கு உடம்பு வைத்துக்கொள்ளும் சான்றைத் தேடினார்கள். ஒரு வைரஸ் உள்ளே நுழைந்ததும், அதன் வடிவத்தோடு பொருந்தும் பி செல்கள் பெருகி, அந்த வைரஸை மட்டும் பற்றிக்கொள்ளும் புரதங்களைச் சுரக்கின்றன. ஆன்டிபாடி என்று நாம் கேள்விப்படும் எதிர்ப்பொருள்கள் இவை. நோய் தீர்ந்த பிறகு இவற்றின் அளவு மெல்லக் குறையும். ஆனால் நினைவைத் தாங்கிய பி செல்கள் சில தங்கிவிடும். எவ்வளவு காலத்துக்கு? 1918இல் உலகை வாட்டிய இன்ஃப்ளூயன்சாவின்போது குழந்தைகளாக இருந்த 32 முதியவர்களின் இரத்தத்தை அமெரிக்க ஆய்வாளர்கள் பரிசோதித்து 2008இல் முடிவை வெளியிட்டார்கள். அத்தனை பேரும் தொண்ணூறு வயதைத் தாண்டியவர்கள். அத்தனை பேரிடமும் அந்த வைரஸுக்கான எதிர்ப்பொருள் இருந்தது. தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பு வந்துபோன விருந்தாளியை உடம்பு மறக்கவே இல்லை.

இந்த நினைவைப் படிக்கும் முறைக்கு எலிசா என்று பெயர். உள்ளங்கை அளவு பிளாஸ்டிக் தட்டு, அதில் 96 குழிகள். குழியின் அடியில் செயலிழக்கச் செய்த வைரஸின் பகுதிகளை ஒட்டிவைத்திருப்பார்கள். அதன்மேல் ஒருவரின் சீரத்தை, அதாவது இரத்தத்தின் தெளிந்த நீர்ப் பகுதியை ஊற்றினால், அதில் பொருத்தமான எதிர்ப்பொருள் இருந்தால் அது வைரஸைப் பற்றிக்கொள்ளும். இல்லாவிட்டால் கழுவும்போது எல்லாம் போய்விடும். பிறகு, மனித எதிர்ப்பொருளைப் பற்றும் இன்னொரு எதிர்ப்பொருளை விடுவார்கள். அதன் முதுகில் குதிரைமுள்ளங்கிச் செடியின் வேரிலிருந்து கிடைக்கும் ஒரு நொதி ஏற்றப்பட்டிருக்கும். கடைசியாக நிறமற்ற திரவம் ஒன்றைச் சேர்த்தால், நொதி இருக்கும் குழி நீலமாகும். அமிலம் விட்டதும் மஞ்சளாகும். மஞ்சளின் அடர்த்தியைக் கருவி அளந்து சொல்லும். 2020இல் இந்தச் சோதனைக்கான கருவிப்பெட்டியைப் பூனாவின் தேசிய வைராலஜி நிறுவனம் உருவாக்கியது. மாவட்டங்களிலிருந்து வந்த சீரத்தைச் சேத்துப்பட்டிலுள்ள தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தில் சோதித்தார்கள்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. அதை அவர்கள் கையாண்ட விதத்தில்தான் இந்த அறிவியலின் நேர்மையை நான் பார்க்கிறேன். அந்தச் சோதனை, தொற்றே வராதவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 98 பேரைச் சரியாக ‘இல்லை’ என்று சொல்லும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஆயிரம் பேரில் ஏழு பேருக்குத்தான் உண்மையில் தொற்று வந்துபோயிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மீதி 993 பேரில் இரண்டு சதவீதம் தவறினால், இருபது பேருக்கு வராத நோய் வந்ததாகக் காட்டும். உண்மையான ஏழைவிடப் பொய்யான இருபது பெரிது! நோய் அரிதாக இருக்கும்போது நல்ல சோதனைகூட நம்மை ஏமாற்றிவிடும். எனவே முதல் சோதனையில் மஞ்சளான சீரத்தை வேறொரு முறையில் தயாரான இரண்டாவது எலிசாவிலும் வைத்துப் பார்த்தார்கள். இரண்டிலும் தேறினால்தான் கணக்கில் சேர்த்தார்கள்.

கிடைத்த விடை 0.73 சதவீதம். சிறிய எண்ணாகத் தெரியும். மக்கள்தொகையோடு பெருக்கினால் மே மாதத் தொடக்கத்துக்குள் ஏறத்தாழ 64 லட்சம் பெரியவர்களுக்குத் தொற்று வந்துபோயிருந்தது என்று பொருள். அப்போது அரசுப் பதிவில் இருந்த நோயாளிகளின் எண்ணிக்கை ஒரு லட்சத்தைக்கூட எட்டவில்லை. ஒரு நோயாளிகூடப் பதிவாகாத மாவட்டங்களிலும் எதிர்ப்பொருள் இருந்தது. அதே மாவட்டங்களுக்கு மூன்று முறை திரும்பிப் போனார்கள். 2020 செப்டம்பர் வாக்கில் 6.6 சதவீதம், அடுத்த ஜனவரியில் பெரியவர்களில் ஐந்தில் ஒருவர், டெல்டா அலை கடந்த 2021 ஜூன்-ஜூலையில் 67.6 சதவீதம். அலையின் உண்மையான உயரம் இந்த நான்கு எண்களில்தான் பதிவாகியிருக்கிறது.

தமிழ்நாட்டுக்கு இந்த வித்தை புதிதல்ல. 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனின் மாணவி செல்லப்பன் நிர்மலா, பாலியல் தொழிலாளர்களிடம் இரத்த மாதிரிகள் சேகரித்தார். எச்.ஐ.வி. இந்தியாவுக்கு வரவே வராது என்று பெரிய மனிதர்கள் பேசிக்கொண்டிருந்த காலம். சென்னையில் அதற்கான எலிசா வசதி இல்லை. மாதிரிகளை ஐஸ் பெட்டியில் வைத்துக் காட்பாடிக்கு ரயிலேறினார். அம்பத்தூரும் ஆவடியும் அந்தப் பாதையில்தான் இருக்கின்றன. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் சோதித்தபோது ஆறு குழிகள் மஞ்சளாயின. நாட்டில் எச்.ஐ.வி. இருப்பது அப்படித்தான் வெளிவந்தது. நோயாளி படுக்கையில் விழும்வரை காத்திராமல் ஒரு முதுநிலை மாணவி தேடிப் போனார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பெருமிதம் வரும்.

அயப்பாக்கம் நிறுவனத்தின் வேரும் இதே பகுதியில்தான். ஆவடியில் தொழுநோய்க்கான ஒரு கள ஆய்வுப் பிரிவு இருந்தது. அதையும் சென்னையிலிருந்த மருத்துவப் புள்ளியியல் நிறுவனத்தையும் இணைத்து 1999இல் தேசிய தொற்றுநோயியல் நிறுவனத்தை அமைத்தார்கள். அதன் முதல் இயக்குநர் எம்.டி. குப்தே. அதற்கு முன்பே அவர் தலைமையில் பழைய செங்கல்பட்டு மாவட்டத்துக் கிராமங்களில் 1,71,400 பேருக்கு நான்கு வகைத் தொழுநோய்த் தடுப்பூசிகளை ஒப்பிட்டுப் பார்த்திருந்தார்கள். தொழுநோய்க் கிருமியை எந்த ஆய்வகத் தட்டிலும் வளர்க்க முடியாது. அமெரிக்கக் கண்டத்தில் வாழும் ஆர்மடில்லோ என்ற ஓடுடைய விலங்கின் உடலில்தான் அது தாராளமாக வளரும். அதிலிருந்து எடுத்துக் கொன்ற கிருமியைக் காசநோய்த் தடுப்பூசியான பி.சி.ஜி.யோடு கலந்தது ஒரு தடுப்பூசி. மும்பையில் உருவான ஒன்றும் டெல்லியில் உருவான ஒன்றும் போட்டியில் இருந்தன. 1998இல் முடிவு வந்தது: மும்பைத் தடுப்பூசி 65.5 சதவீதமும், ஆர்மடில்லோ கலவை 64 சதவீதமும், பி.சி.ஜி. மட்டும் 34.1 சதவீதமும், டெல்லித் தடுப்பூசி 25.7 சதவீதமும் பாதுகாப்புத் தந்தன. தொழுநோய் உடம்பில் வெளிப்படவே பல ஆண்டுகள் ஆகும். அத்தனை ஆண்டும் கிராமம் கிராமமாகத் திரும்பத் திரும்பப் போய்த் தோலைப் பார்த்தவர்களின் பொறுமைதான் 2020இல் நாடு முழுக்க எழுபது மாவட்டங்களில் இறங்கும் திறனாக மாறியது. அந்தத் திறனைக் கொள்ளைநோய் வந்த பிறகு விலைக்கு வாங்க முடியாது.

கொரோனாவுக்கு முன்பே, 2017-18இல், இதே நிறுவனத்தின் டாக்டர் மனோஜ் முர்ஹேகர் குழு 15 மாநிலங்களில் 12,300 பேரிடம் டெங்கு எதிர்ப்பொருளைத் தேடியது. நாடு முழுவதும் 48.7 சதவீதம் பேருக்கு ஒருமுறையாவது டெங்கு வந்துபோயிருந்தது. தென்னிந்தியாவில் மட்டும் 76.9 சதவீதம். நம் ஊரில் நான்கில் மூன்று பேர்!

இந்த எண் எதற்கு? டெங்கு வைரஸில் நான்கு வகை. ஒரு வகைக்கு உருவான எதிர்ப்பொருள், அடுத்த வகை வரும்போது அதைத் தடுக்காமல் செல்லுக்குள் நுழைய உதவிவிடுவதும் உண்டு. முதலில் சந்தைக்கு வந்த டெங்கு தடுப்பூசியில் இந்த ஆபத்து வெளிப்பட்டது. டெங்கு வராத குழந்தைக்கு அதைப் போட்டால், பின்னாளில் தொற்று வரும்போது நோய் கடுமையாகலாம் என்று 2017 இறுதியில் அதைத் தயாரித்த நிறுவனமே அறிவித்தது. அதற்குள் பிலிப்பைன்ஸில் எட்டு லட்சத்துக்கும் அதிகமான பிள்ளைகளுக்குப் போட்டாகிவிட்டது. ஒன்பது வயதுக்குள் எண்பது சதவீதம் பேருக்கு டெங்கு வந்துபோன இடங்களில் மட்டும் சோதிக்காமல் போடலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2018இல் வரம்பு விதித்தது. இந்தியாவில் ஒன்பது முதல் பதினேழு வயதுவரை 41 சதவீதம்தான். இரத்தத்தில் உள்ள கணக்கைப் படிக்காமல் ஒரு தடுப்பூசியை ஊருக்கு அழைத்து வருவதில் எவ்வளவு ஆபத்து இருக்கிறது என்பதற்கு இதற்குமேல் சான்று வேண்டாம். ஐ.சி.எம்.ஆரும் பனேசியா பயோடெக் நிறுவனமும் வேறொரு தடுப்பூசியை 10,335 பெரியவர்களிடம் சோதிக்கும் ஆய்வை 2024 ஆகஸ்டில் தொடங்கின. வைரஸின் ஏறத்தாழ 10,700 மரபு எழுத்துகளில் முப்பதை நீக்கி அதை வலுவிழக்கச் செய்யும் அமெரிக்கக் கண்டுபிடிப்பு அந்தத் தடுப்பூசியின் அடிப்படை.

உயிரித் தொழில்நுட்பம் இன்று வேகத்தைத் தருகிறது. கொரோனா வைரஸின் மரபு வரிசை 2020 ஜனவரி 10 வாக்கில் வெளியானது. டிசம்பர் 2இல் பிரிட்டன் ஒரு தடுப்பூசிக்கு அனுமதி கொடுத்தது. அந்த இடைவெளியை நூறு நாட்களாகக் குறைப்பது உலக நாடுகள் வைத்திருக்கும் இலக்கு. தமிழ்நாடு அரசும் 2021இல் தேனாம்பேட்டையில் சொந்தமாக மரபணு வரிசை ஆய்வகம் திறந்தது. எலிசாவும் வளர்ந்துவிட்டது. 2015இல் ஹார்வர்டில் ஸ்டீபன் எலெட்ஜ் குழு ஒரு துளிக்கும் குறைவான இரத்தத்தில், மனிதரைத் தாக்கும் இருநூறுக்கும் மேற்பட்ட வைரஸ் இனங்களின் தடத்தை ஒரே சோதனையில் படித்துக் காட்டியது. ஊர் ஊராக இப்படி ஆண்டுதோறும் படித்துவந்தால், ஒரு புதிய கிருமி மருத்துவமனை வாசலுக்கு வருமுன்னரே அதன் நடமாட்டம் தெரிந்துவிடும்.

ஆனால் எந்த வேகமும் பதிவேடுகள் இல்லாவிட்டால் பயன்படாது. 2021 கோடையில், இரண்டாம் அலையின் நடுவே, அயப்பாக்கம் நிறுவனமும் தமிழ்நாடு காவல்துறையும் 1,17,524 காவலர்களின் தடுப்பூசிப் பதிவையும் இறப்புப் பதிவையும் ஒன்றாக வைத்துப் பார்த்தன. மே நடுவரை தடுப்பூசி போடாத 17,059 பேரில் இருபது பேரும், இரண்டு தவணை போட்ட 67,673 பேரில் நான்கு பேரும் இறந்திருந்தார்கள். தடுப்பூசி மரணத்தைத் தடுக்கிறதா என்று ஊரே கேட்டுக்கொண்டிருந்தபோது சில வாரங்களில் விடை வந்தது.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கத்தில் இருப்பவர்களுக்கும், எந்த ஊரில் இருப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். குலுக்கலில் உங்கள் வீடு விழுந்து, அடையாள அட்டையோடு யாராவது வந்து கொஞ்சம் இரத்தம் கேட்டால் “எங்க வீட்ல யாருக்கும் ஒண்ணும் இல்லீங்க” என்று கதவைச் சாத்திவிடாதீர்கள். ஒன்றும் இல்லாதவரின் இரத்தமும் அந்தக் கணக்குக்கு அதே அளவு தேவை. எதற்கு, என்ன சோதனை, முடிவை எனக்குச் சொல்வீர்களா என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. ஒப்புதல் படிவத்தைப் படியுங்கள். மனம் ஒப்பினால் கையை நீட்டுங்கள்.