ராத்திரி லென்ஸும் கண் அழுத்தமும்



வைகாசி கருட சேவைக்கு சென்னையிலிருந்து பெரியப்பா மகன் வந்திருந்தார். கிட்டப்பார்வை உள்ளவர், ஆனால் பகலில் கண்ணாடியே போடவில்லை. "எப்படிண்ணா?" என்று கேட்டேன். தூங்கும்போது ஒரு கெட்டியான லென்ஸ் போட்டுக்கொள்கிறாராம். காலையில் கழற்றினால் பகல் முழுக்கப் பார்வை தெளிவு! ஆர்த்தோகெரட்டாலஜி லென்ஸ் என்று பெயர். எனக்கு வாயில் நுழையவில்லை, ராத்திரி லென்ஸ் என்றே எழுதுகிறேன்.

கண்ணின் முன்னால் வாட்ச் கண்ணாடி மாதிரி வளைந்திருக்கும் படலம்தான் கார்னியா. இந்த லென்ஸ் அதன் நடுப்பகுதியைச் சற்றே தட்டையாக்கி, மேலடுக்கைக் கொஞ்சம் மெல்லியதாக்குகிறது. லென்ஸை நிறுத்தினால் பழைய வடிவம் திரும்பிவிடும்.

கண் அழுத்தத்தை எப்படி அளக்கிறார்கள் தெரியுமா? சைக்கிள் டயரைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்ப்போமே, கிட்டத்தட்ட அதுதான். மரத்துப்போக சொட்டு மருந்து விட்டு, ஒரு சின்னக் கருவியால் கார்னியாவைத் தொட்டு, 3.06 மி.மீ. வட்டம் தட்டையாகும்வரை அமுக்குவார்கள். அதற்கு எவ்வளவு விசை வேண்டுமோ அதுதான் கணக்கு. 10 முதல் 21 வரை சாதாரணம். இது சுவிட்சர்லாந்து டாக்டர் கோல்ட்மான் 1950-களில் கொண்டுவந்த முறை. கார்னியா சுமார் அரை மி.மீ. தடிமன் என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு அது. மெல்லிய கார்னியா சுலபமாக அமுங்கும், அதனால் அளவு குறைவாகக் காட்டும். ராத்திரி லென்ஸ் போட்டவர்களுக்கும் அப்படித்தான், ஒன்றிரண்டு குறையலாம். உள்ளே இருக்கும் அழுத்தம் குறைந்ததாக அர்த்தமில்லை!

ஒன்றிரண்டுதானே என்று நினைக்காதீர்கள். எங்கள் தாத்தா பட்டு நெசவாளி. நேரே பாவைப் பார்த்தே நெய்தவருக்கு ஓரப்பார்வை போனது தெரியவே இல்லை. பக்கத்தில் வைத்த நாடா கைபட்டு விழும். வெளிச்சம் பத்தல என்பார். அது கிளாக்கோமா. அழுத்தத்தால் பார்வை நரம்பு கெட்டால் போன பார்வை வராது, மிச்சத்தை மட்டும் மருந்தால் காப்பாற்றலாம். வலியும் இருக்காது.

2001-லிருந்து 2004 வரை சங்கர நேத்ராலயா நடத்திய சென்னை கிளாக்கோமா ஆய்வில் நம் காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்ட கிராமங்களும் உண்டு. அங்கே 40 வயது தாண்டியவர்களில் இந்நோயின் முக்கிய வகை இருந்தது 64 பேருக்கு. முன்பே தெரிந்திருந்தது ஒரே ஒருவருக்கு! நகரத்தாரைவிட கிராமத்தாருக்கு கார்னியா மெல்லியது என்றும் கண்டார்கள். அதாவது லென்ஸே போடாதவர்களுக்கும் இந்தக் குழப்பம் உண்டு. அதனால்தான் டாக்டர்கள் கார்னியாவின் தடிமனையும் அளக்கிறார்கள், நரம்பையும் பார்க்கிறார்கள். அழுத்தம் சாதாரணமாக இருந்தும் இந்நோய் வருவதுண்டு.

அண்ணனுக்குப் போன தடவை அளவு 15 வந்ததாம். "ராத்திரி லென்ஸ் போடறதைச் சொன்னீங்களா? தாத்தா விஷயம் சொன்னீங்களா?" என்றேன். இரண்டும் சொல்லவில்லையாம்! லென்ஸ் போடுவதற்கு முன் எடுத்த அளவுச் சீட்டையும் எடுத்துக்கொண்டு போகச் சொல்லி ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்தனுப்பினேன்.

– 10-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு