பெயர் அழிந்த ஐசி

ரேடியோ பாடவில்லை. கடைக்கு எடுத்துப் போகிறோம். கடைக்காரர் பின்மூடியைக் கழற்றிப் பார்க்கிறார். "ஐசி போயிருச்சு அண்ணே" என்கிறார். நாமும் தலையை ஆட்டிவிட்டு வருகிறோம். ஐசி என்றால் என்ன?

ரேடியோவுக்குள் ஒரு பலகை இருக்கும். அதில் கறுப்பாக, கட்டையாக ஒன்று உட்கார்ந்திருக்கும். அதன் இரண்டு பக்கமும் வெள்ளிபோல் மின்னும் கால்கள் இருக்கும். பார்த்தால் மரவட்டை மாதிரி இருக்கும். அதுதான் ஐசி. பல டிரான்சிஸ்டர்கள் சேர்ந்து செய்கிற வேலையை இது ஒன்றே செய்கிறது. 1958-ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஜாக் கில்பி என்ற பொறியாளர் முதல் ஐசியைச் செய்து காட்டினார். அதற்காக 2000-ஆம் ஆண்டு அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

ஐசியின் முதுகில் எழுத்தும் எண்ணும் அச்சடித்திருக்கும். அதுதான் அதன் பெயர். கெட்டுப் போனால் அதே பெயர் உள்ளதை வாங்கிப் போட வேண்டும். பெயர் அழிந்திருந்தால் என்ன செய்வது? சூட்டில் சில அழிந்து போகும். சில கம்பெனிக்காரர்கள் வேண்டுமென்றே சுரண்டி விடுவதும் உண்டு. தங்கள் பொருளைப் பார்த்து வேறு யாரும் செய்துவிடக் கூடாதாம்!

சக்குபள்ளத்தில் இருப்பவர்களுக்கு இது சின்ன விஷயம் அல்ல. ஐசி வாங்கக் குமுளிக்கோ கட்டப்பனைக்கோ போக வேண்டும். இல்லையென்றால் மலை இறங்கிக் கம்பத்துக்குப் போக வேண்டும். தப்பான ஐசியை வாங்கி வந்தால் பஸ் காசு போச்சு. ஏலத்தோட்டத்தில் ஒரு நாள் கூலியும் போச்சு.

பெயர் அழிந்தாலும் கால்கள் அழிவதில்லை. கால்களைப் படிக்கலாம்.

முதலில் எண்ண வேண்டும். ஐசியின் ஒரு முனையில் சின்னப் பள்ளம் இருக்கும். அல்லது ஒரு புள்ளி இருக்கும். அந்த முனை மேலே இருக்கும்படி பிடியுங்கள். இடது பக்கம் மேலே இருப்பது 1-ஆம் கால். அங்கிருந்து கீழே எண்ணிக்கொண்டே வாருங்கள். கீழே வந்ததும் வலது பக்கம் தாண்டி, மேலே ஏறுங்கள். எட்டுக் கால் ஐசியில் 1-க்கு நேர் எதிரே 8 இருக்கும். கோவிலை வலம் வருவோம் அல்லவா? இது அதற்கு எதிர்த் திசை. பலகையின் அடிப்பக்கம் திருப்பிப் பார்த்தால் எல்லாம் இடவலமாக மாறிவிடும். பழகியவர்களே இங்கே ஏமாறுவது உண்டு.

அடுத்து, மின்சாரம் எந்தக் கால் வழியாக வருகிறது என்று பார்க்க வேண்டும். பேட்டரிக் கட்டைகளை வெளியே எடுத்து விடுங்கள். மல்டிமீட்டரைப் 'பீப்' சத்தம் வரும் இடத்தில் வையுங்கள். அதன் ஒரு முனையைப் பேட்டரியின் மைனஸ் கம்பியில் வையுங்கள். மறுமுனையால் கால்களை ஒவ்வொன்றாகத் தொடுங்கள். பீப் வந்தால் அந்தக் கால் மைனஸோடு சேர்ந்தது. பிளஸ் பக்கத்தையும் இப்படியே பாருங்கள். அப்போது ரேடியோ சுவிட்ச் போட்டிருக்க வேண்டும்.

எட்டுக் கால் ஐசிகள் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும். ஆனால் 555 என்ற ஐசிக்கு 1 மைனஸ், 8 பிளஸ். விளக்கை விட்டு விட்டு எரிய வைக்கும் ஐசி அது. 1971-இல் ஹான்ஸ் கமென்சிண்ட் என்பவர் வடிவமைத்தார். இன்றும் கடையில் கிடைக்கிறது. 386 என்பது ஸ்பீக்கரைப் பாட வைக்கும் ஐசி. அதற்கு 4 மைனஸ், 6 பிளஸ். 2822-ம் பாட வைப்பதுதான். அதற்கும் 4 மைனஸ். ஆனால் பிளஸ் 2-ஆம் காலில் வரும்.

இனி ஸ்பீக்கரில் இருந்து பின்னால் போவோம். ஸ்பீக்கர் கம்பி ஒரு தடித்த கெப்பாசிட்டருக்குப் போகிறது. அங்கிருந்து 5-ஆம் காலுக்குப் போகிறது. 4 மைனஸ், 6 பிளஸ். இப்போது 386 என்று சந்தேகப்படலாம். 2-ஆம் காலிலும் பீப் வரலாம். அதையும் மைனஸோடு சேர்த்துக் கட்டுவது வழக்கம்தான்.

சந்தேகம் தீர ஒரு வழி உண்டு. பேட்டரிகளைப் போடுங்கள். ஒன்றரை வோல்ட் கட்டை நான்கு என்றால் 6 வோல்ட். ஐசி நன்றாக இருந்தால் 5-ஆம் காலில் அதில் பாதி, சுமார் 3 வோல்ட் இருக்கும். வெறும் 0 அல்லது முழு 6 காட்டினால் ஐசி கெட்டிருக்கலாம்.

மூன்று கால் ஐசிகளில் ஆபத்து அதிகம். 7805, 7905 இரண்டும் இரட்டைப் பிள்ளைகள் போல இருக்கும். 7805-இல் நடுக்கால் மைனஸ். 7905-இல் நடுக்காலில்தான் மின்சாரம் உள்ளே வரும். ஒன்றின் இடத்தில் மற்றதைப் போட்டால் புகை வரும்.

இந்தச் சோதனை எல்லாம் பேட்டரியில் ஓடும் பொருளுக்கு மட்டும்தான். சுவரில் சொருகும் டி.வி.யை இப்படித் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டர் ஷாக் அடிக்கும்.

விலை குறைந்த பொம்மைகளில் காலே இல்லாமல் கறுப்புப் பசைச் சொட்டு மட்டும் இருக்கும். அதுவும் ஐசிதான். அதைக் கண்டுபிடிக்க வழி இல்லை, விட்டுவிட வேண்டியதுதான்.

மற்றதற்குப் பழைய ஐசியையும் ஒரு சீட்டையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். சீட்டில் இப்படி எழுதுங்கள்: "8 கால். 4 மைனஸ். 6 பிளஸ். 5 ஸ்பீக்கர். பேட்டரி 6 வோல்ட்." படித்துப் பார்த்துவிட்டுக் கடைக்காரர் எந்த டப்பாவைத் திறக்கிறார் என்று கவனியுங்கள். புது ஐசியின் முதுகில் இருக்கும் எண்ணை, காசு கொடுக்கும் முன் நீங்களே படித்துப் பாருங்கள்.