உங்களுக்குத் தெரியுமா? ‘லைக்’ குறியின் இன்னொரு வேலை

ஃபேஸ்புக் 2009 பிப்ரவரியில் அறிமுகப்படுத்திய ‘லைக்’ எனும் விருப்பக்குறி, அந்நிறுவனத்துக்குள் உருவாகிவந்த நாட்களில் ‘ஆசம்’ என்ற பெயரிலேயே வழங்கியது. பாராட்டாக மட்டுமே தோன்றும் இக்குறி, அழுத்தப்படும் ஒவ்வொரு முறையும் பயனரின் நாட்டத்தைப் பதிந்துகொண்டு, அடுத்து அவருக்கு எப்பதிவைக் காட்டுவது எனத் தீர்மானிக்கும் ‘அல்காரிதம்’ என்ற கணக்கீட்டு விதித்தொகுப்புக்கு உள்ளீடாகவும் அமைகிறது. நம் பதிவுக்கு ‘லைக்’ விழுந்ததைச் சொல்லும் அறிவிப்புகளோ எப்போது வரும், எத்தனை வரும் என்று முன்கூட்டி அறிய இயலாதவை. இத்தகைய நிச்சயமற்ற வெகுமதியே ஒரு செயலை விடாமல் திரும்பத் திரும்பச் செய்யத் தூண்டுகிறது என்பதை, உளவியலாளர் பி. எஃப். ஸ்கின்னர் கைப்பேசிகள் தோன்றுவதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே, புறாக்களைக் கொண்டு நடத்திய சோதனைகளில் காட்டியிருந்தார். விருப்பக்குறிகளின் எண்ணிக்கையை மறைத்துக்கொள்ளும் வசதியை இன்ஸ்டாகிராம் 2021 மே மாதத்தில் அனைவருக்கும் அளித்தது. பதின்பருவத்தினர் உள்ள வீடுகளில் அவசியம் அறிந்திருக்க வேண்டிய வசதி இது.