கணினிக் காற்றாடியின் இரைச்சலைக் குறைப்பது எப்படி?



தோட்டப்புறத்தில் வேலைநாள் விடியுமுன்பே தொடங்கிவிடும். குளிர்ச்சியான வேளையில் சீவினால்தான் பால்மரம் நன்றாகப் பால் கொடுக்கும். அதற்காக இருட்டிலேயே எழ வேண்டியவர் இரவு 9 அல்லது 10 மணிக்குள் கண்ணயர வேண்டும். அதே வீட்டில் ஐந்தாம் படிவம் படிக்கும் பிள்ளைக்கோ, வேலையெல்லாம் ஓய்ந்த இரவுதான் படிப்பதற்கு ஏற்ற நேரம். அந்தப் பிள்ளைக்காகப் பழைய கணினி ஒன்றை மலிவாக வாங்கி வைக்கிறோம். பொத்தானை அழுத்தியதும் அது மாவரைக்கும் இயந்திரம்போல் இரைகிறது. பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் படுத்திருப்பவரின் தூக்கம் கெடுகிறது. தூக்கம் கெடுகிறதே என்று கணினியை நிறுத்தினால் படிப்புக் கெடுகிறது.

இரண்டும் கெடாமல் இருக்க வழி உண்டா? உண்டு. கணினிக்குள் சுழலும் காற்றாடியின் வேகத்தை அளவறிந்து குறைப்பதே அந்த வழி. அளவறிந்து என்ற சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அளவறியாமல் குறைத்தால் அமைதி கிடைக்கும். ஆனால் கணினி பழுதாகிவிடும்.

கணினிக்குள் காற்றாடி எதற்கு என்பதை முதலில் பார்ப்போம். கணினியின் மூளை போன்ற பகுதியைச் செயலி என்கிறோம். தபால்தலை அளவேயுள்ள அந்தச் சில்லு, தான் வாங்கும் மின்சாரம் முழுவதையும் வெப்பமாக வெளியே தள்ளுகிறது. அந்த வெப்பத்தை வாங்கிக்கொள்ள அதன்மேல் அலுமினியத் தகடுகளைப் பொருத்தியிருப்பார்கள். சூடேறிய தகடுகளைக் காற்றாடி ஊதி ஆற்றுகிறது. சூடான தேநீரை ஊதி ஆற்றுகிறோம் அல்லவா, அதே வேலைதான். பெட்டியின் பின்புறத்தில் உள்ள இன்னொரு காற்றாடி, உள்ளே தேங்கும் சூடான காற்றை வெளியேற்றுகிறது.

அப்படியானால் சில கணினிகள் மட்டும் ஏன் இவ்வளவு இரைகின்றன? இதற்கு ஒரு சிறிய வரலாறு உண்டு. 1993ஆம் ஆண்டில் வெளிவந்த முதல் பெண்டியம் செயலி ஏறத்தாழ 15 வாட் வெப்பத்தையே வெளியிட்டது. 2001ஆம் ஆண்டில் வந்த ஏஎம்டி நிறுவனத்தின் ஆத்லான் 1.4 கிகாஹெர்ட்ஸ் செயலியோ ஏறத்தாழ 72 வாட் வெளியிட்டது. எட்டு ஆண்டுகளில் வெப்பம் நான்கு மடங்குக்குமேல் கூடிவிட்டது. ஆனால் செயலியின்மேல் காற்றாடி வைக்க இருந்த இடம் குறுகலானது. ஆகவே 6 சென்டிமீட்டர் அகலமே உள்ள சிறு காற்றாடிகளை நிமிடத்திற்கு 7000 சுற்று வேகத்தில் ஓட்டினார்கள். தைவானைச் சேர்ந்த டெல்டா நிறுவனத்தின் இத்தகைய காற்றாடிகள் அந்நாளில் வேகத்திற்கும் பெயர்பெற்றவை, இரைச்சலுக்கும் பெயர்பெற்றவை. அந்த இரைச்சலைப் பொறுக்கமுடியாத கணினிப் பிரியர்கள்தான் வேகத்தைக் குறைக்கும் கருவியைத் தங்கள் பெட்டிகளில் பொருத்தத் தொடங்கினார்கள். குறுந்தட்டுச் செருகும் இடத்துக்குப் பக்கத்தில், வானொலிப் பெட்டியில் இருப்பதுபோன்ற குமிழ்கள் வரிசையாகத் தெரியும். அதுதான் காற்றாடிக் கட்டுப்பாட்டுக் கருவி.

வேகத்தைக் குறைத்தால் என்ன கிடைக்கும், என்ன போகும் என்று கணக்குப் பார்ப்போம். ஒரு காற்றாடியின் வேகத்தைப் பாதியாக்கினால், அது தள்ளும் காற்றும் ஏறத்தாழப் பாதியாகும். ஆனால் இரைச்சல் ஏறத்தாழ 15 டெசிபெல் குறையும். பத்து டெசிபெல் குறைந்தாலே நம் காதுக்கு ஓசை பாதியாகக் குறைந்ததுபோல் தோன்றும். ஆகவே 45 டெசிபெல் ஓசை எழுப்பும் காற்றாடி, பாதி வேகத்தில் 30 டெசிபெல் அளவுக்கு இறங்கிவிடும். இரவில் நல்ல தூக்கத்திற்குப் படுக்கையறைக்குள் தொடர்ந்து ஒலிக்கும் ஓசை 30 டெசிபெலுக்கு மேற்படக்கூடாது என்று உலகச் சுகாதார நிறுவனம் 1999ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டியில் கூறியிருக்கிறது. காற்றில் பாதியை விட்டுக்கொடுத்து, தூக்கத்தைத் திரும்பப் பெறுகிறோம்.

காற்று பாதியானால் கணினி கருகிவிடாதா என்று நீங்கள் கேட்கலாம். பலமான காற்றாடி முழு வேகத்தில் தள்ளும் காற்றெல்லாம் எந்நேரமும் தேவைப்படுவதில்லை. பிள்ளை கட்டுரை எழுதும்போதும் பாடக் குறிப்புகளைப் படிக்கும்போதும் செயலி பெரும்பாலும் சும்மா இருக்கிறது. அப்போது அது வெளியிடும் வெப்பம் மிகக் குறைவு. படம் தொகுப்பது, விளையாடுவது போன்ற கடும் வேலைகளின்போதுதான் வெப்பம் ஏறும். மேலும், காற்றை ஓர் அளவுக்குமேல் கூட்டிக்கொண்டே போனால், கிடைக்கும் குளிர்ச்சி கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கூடும். இரைச்சலோ வேகமாக ஏறும். நாம் குறைக்க வேண்டியது இந்த வீண் காற்றைத்தான்.

இனிச் செய்முறைக்கு வருவோம். கடைக்குப் போகுமுன், காசு செலவில்லாத ஒரு வழியைப் பாருங்கள். கணினியைத் திறந்தவுடன் டெலீட் அல்லது எஃப் 2 விசையைத் தட்டினால், பல கணினிகளில் பயாஸ் என்னும் அமைப்புப் பக்கம் வரும். அதில் காற்றாடி என்ற பகுதி இருந்தால், வெப்பத்திற்கு ஏற்பத் தானே வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் முறையைத் தேர்ந்தெடுக்கலாம். பல வீடுகளில் இத்துடனே தொல்லை தீர்ந்துவிடும்.

அது இல்லாத கணினிக்குத்தான் தனிக் கருவி தேவை. கணினிக் காற்றாடிகள் பெரும்பாலும் 12 வோல்ட் நேர்மின்சாரத்தில் ஓடுகின்றன. குமிழ் உள்ள கருவி அந்த 12 வோல்ட்டை 10, 8, 7 என்று இறக்கிக் கொடுக்கிறது. மின்னழுத்தம் இறங்க இறங்க வேகமும் இறங்கும். நான்கு கம்பிகள் உள்ள காற்றாடிக்கு வேறொரு முறை உண்டு. நான்காவது கம்பி வழியாக வினாடிக்கு ஏறத்தாழ 25,000 முறை திறந்து மூடும் துடிப்பு போகிறது. அந்தத் துடிப்பில் திறந்திருக்கும் நேரத்தைக் குறைத்தால் வேகம் குறையும். மனிதக் காது ஏறத்தாழ 20,000 துடிப்பு வரைதான் கேட்கும் என்பதால், அந்தத் துடிப்பின் ஓசை நமக்குக் கேட்பதில்லை. எனவே, கருவியை வாங்கும்போது உங்கள் காற்றாடிக்கு மூன்று கம்பியா, நான்கு கம்பியா என்று பார்த்து வாங்குங்கள்.

அடுத்து, கருவி காற்றாடியின் பளுவைத் தாங்குமா என்று பார்க்க வேண்டும். காற்றாடியின் நடுவில் ஒட்டியிருக்கும் சீட்டில் 12 வோல்ட், இத்தனை ஆம்பியர் என்று எழுதியிருக்கும். இரண்டையும் பெருக்கினால் வாட் கிடைக்கும். 0.2 ஆம்பியர் என்றால் 2.4 வாட், சாதாரணக் காற்றாடி. 1.5 ஆம்பியர் என்றால் 18 வாட். அது பலமான காற்றாடி. கருவியின் அட்டையில் ஒரு குமிழுக்கு இத்தனை வாட் என்று எழுதியிருப்பார்கள். காற்றாடியின் வாட் அதைவிடக் குறைவாக இருக்க வேண்டும். பல தாய்ப்பலகைகளில் காற்றாடி செருகும் முனை 1 ஆம்பியர் அளவுதான் தாங்கும். பலமான காற்றாடியை அதில் செருகினால் பலகையே கருகக்கூடும். அத்தகைய காற்றாடியை, மின்வழங்கிப் பெட்டியிலிருந்து நேரே மின்சாரம் எடுக்கும் கருவியில்தான் செருக வேண்டும்.

தாய்மார்களே, பெரியோர்களே, இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. வீட்டுக் கூரைக் காற்றாடிக்குச் சுவரில் 1 முதல் 5 வரை எண் போட்ட வேகச் சுவிட்சு இருக்கிறது. அதைக் கழற்றிக் கணினிக் காற்றாடிக்குப் பயன்படுத்தலாமே என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. சுவரில் வருவது 230 வோல்ட் மாறுமின்சாரம். அது கணினியையும் எரிக்கும், தொட்டவர் உயிரையும் பறிக்கும். அதுபோலவே, கணினியின் மின்வழங்கிப் பெட்டியை ஒருபோதும் திறக்காதீர்கள். செருகியைப் பிடுங்கிய பிறகும் அதற்குள் மின்சாரம் தேங்கி நிற்கும். அந்தப் பெட்டியின் காற்றாடியை அப்படியே விட்டுவிடுங்கள்.

எந்தக் காற்றாடிக்குக் குமிழ் பொருத்தலாம்? பெட்டியின் முன்னும் பின்னும் உள்ள காற்றாடிகளுக்குப் பொருத்தலாம். செயலியின்மேல் உள்ள காற்றாடியை, முடிந்தவரை, தாய்ப்பலகையின் தானியங்கி முறையிலேயே விடுவது நல்லது. குமிழுக்கு வெப்பம் தெரியாது. அது திருப்பி வைத்த இடத்திலேயே நிற்கும். பிள்ளை திடீரென்று கடினமான வேலையைக் கணினிக்குக் கொடுத்தால், வேகத்தைக் கூட்டவேண்டும் என்பதை யாராவது நினைவில் வைத்திருக்க வேண்டுமே!

இனி, குமிழை எந்த இடத்தில் நிறுத்துவது? கருவியைப் பொருத்துமுன் கணினியை நிறுத்தி, செருகியைப் பிடுங்கி, மெல்லிய தூரிகையால் தகடுகளில் படிந்த தூசியை அகற்றுங்கள். தூசி அடைத்த தகட்டின்மேல் வேகத்தையும் குறைத்தால் வெப்பம் கட்டாயம் ஏறும். சுத்தம் செய்து, கருவியைப் பொருத்தியபின், முழு வேகத்தில் தொடங்கி, குமிழைச் சிறிது சிறிதாகக் குறைத்துக்கொண்டு வாருங்கள். ஒவ்வொரு முறையும் கணினிக்குக் கடினமான வேலை கொடுத்து, 20 நிமிடம் பொறுத்து, செயலியின் வெப்பநிலையைப் பாருங்கள். அதைக் காட்டும் இலவச நிரல்கள் உண்டு. வெப்பநிலை 80 பாகைக்குக் கீழே நின்றால் பெரும்பாலான செயலிகளுக்கு அச்சமில்லை. அதற்குமேல் ஏறினால் குமிழைச் சற்றுக் கூட்டுங்கள்.

இந்தச் சோதனையை இரவில் செய்யாதீர்கள். பிற்பகல் 2 அல்லது 3 மணிக்குச் செய்யுங்கள். இரவில் அறை வெப்பம் 25 பாகை என்றும் பிற்பகலில் 33 பாகை என்றும் வைத்துக்கொள்வோம். அறை 8 பாகை ஏறினால், கணினியின் உள்ளும் ஏறத்தாழ 8 பாகை ஏறும். இரவில் 76 பாகையில் நின்ற செயலி பிற்பகலில் 84ஐத் தொட்டுவிடும். துத்தநாகத் தகரக் கூரை வெயிலில் காயும் வீடுகளில் இது மிகவும் முக்கியம். வெயிலில் தாங்கும் அளவு இரவிலும் தாங்கும்.

இன்னொரு சோதனையும் உண்டு. மின்னழுத்தம் மிகவும் குறைந்தால், சுழன்றுகொண்டிருக்கும் காற்றாடி தொடர்ந்து சுழலும். ஆனால் நின்ற காற்றாடி மீண்டும் கிளம்பாது. ஆகவே குமிழை வைத்த இடத்திலேயே விட்டு, கணினியை ஒருமுறை நிறுத்தித் திறந்து பாருங்கள். எல்லாக் காற்றாடிகளும் தாமாகவே கிளம்பினால்தான் அந்த இடம் சரியானது.

பெட்டியில் இடம் இருந்தால், சிறு காற்றாடிக்குப் பதிலாகப் பெரிய காற்றாடியைப் பொருத்துவது இன்னும் நல்லது. 12 சென்டிமீட்டர் காற்றாடியின் முகப்பு, 6 சென்டிமீட்டர் காற்றாடியின் முகப்பைப்போல் நான்கு மடங்கு. அது மெதுவாகச் சுழன்றே தேவையான காற்றைத் தள்ளிவிடும். பெரிதும் மெதுவும் சேர்ந்தால் அமைதி. சிறிதும் வேகமும் சேர்ந்தால் இரைச்சல்.

நேயர்களே, கணினியின் இரைச்சலைச் சகித்துக்கொள்ளத்தான் வேண்டும் என்பதில்லை. முதலில் தூசி, அடுத்துப் பயாஸ், அதற்குப் பிறகே கருவி என்ற வரிசையில் முயன்று பாருங்கள். வாட் கணக்கைச் சரிபாருங்கள். வெயில் நேரத்தில் சோதியுங்கள். சந்தேகம் வந்தால் விவரம் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். மேசையில் பிள்ளை படிக்கட்டும்; தடுப்புக்கு அந்தப் பக்கம் விடியலில் எழ வேண்டியவர் நிம்மதியாக உறங்கட்டும்.