பொன்முகலி போகும் கடலுக்கு

அம்மா முதன்முதலாகக் கடலைப் பார்த்தபோது அவருக்கு வயது 62. பிறந்தது, வாழ்க்கைப்பட்டது, பூக்கட்டிப் பிள்ளைகளை வளர்த்தது எல்லாம் திருச்சானூரில்தான். வங்கக் கடல் அங்கிருந்து நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர். பஸ் ஏறினால் அரை நாள்கூட ஆகாது. ஆனாலும் போகவில்லை.

திருப்பதியில் குடியிருப்பவர்களுக்கு இது புரியும். ஊரெல்லாம் விடுமுறை விட்டால் எங்களுக்கு அன்றைக்குத்தான் வேலை அதிகம். கோடை விடுமுறை, புரட்டாசி பிரம்மோற்சவம், வைகுண்ட ஏகாதசி, ஆங்கிலப் புத்தாண்டு, ரதசப்தமி என்று நாள்காட்டியில் சிவப்பாக இருக்கும் நாட்களில் பூக்கடையும் இட்லிக் கடையும் வாடகை ஜீப்பும் மூச்சுவிடாது. அலிபிரியிலிருந்து திருமலைக்கு 3,550 படிகளை ஏறிப் போகிறவர்களைப் பார்த்துக்கொண்டே இருப்போம். நாங்கள் எங்கும் போக மாட்டோம். இந்த ஊரில் 'ஒருநாளும் கடலைப் பார்த்ததில்லை' என்று சொல்லும் பெரியவர்கள் இன்னும் பல வீடுகளில் இருக்கிறார்கள்.

அவர்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை. முதல் கடல் பயணத்துக்குக் கோவாவும் அந்தமானும் வேண்டாம். நம் ஆறு எங்கே போய்ச் சேருகிறதோ அங்கே போகலாம்.

ஆறு காட்டும் வழி

தெலுங்கில் ஸ்வர்ணமுகி, தமிழில் பொன்முகலி. கண்ணப்ப நாயனார் கதையைக் கேட்டு வளர்ந்த எவருக்கும் தெரிந்த பெயர். சந்திரகிரிப் பக்கத்து மலைகளில் பிறந்து, திருச்சானூரை ஒட்டி ஓடி, காளஹஸ்தியில் கோயில் மதிலைத் தொட்டு, நாயுடுபேட்டை கடந்து, வாகாடு வட்டாரத்தில் வங்கக் கடலில் கலக்கிறது. ஆண்டின் பெரும்பகுதி மணலாகக் கிடக்கும். 2021 நவம்பரில் அந்த ஆறு எப்படிப் பெருகி வந்தது என்பதைத் திருச்சானூர்க்காரர்கள் மறக்க மாட்டார்கள். கரையோர வீடுகள் இடிந்து விழுந்ததைக் கண்ணால் பார்த்தோம். எங்கள் வாசலில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது.

ஆற்றின் கூடவே சாலையும் போகிறது. திருப்பதியிலிருந்து ரேணிகுண்டா, ஏர்ப்பேடு, காளஹஸ்தி வழியாக நாயுடுபேட்டை செல்லும் தேசிய நெடுஞ்சாலை 71, அங்கே சென்னை-கொல்கத்தா நெடுஞ்சாலையைத் தொடுகிறது. நாயுடுபேட்டை வரை சுமார் 70 கிலோமீட்டர். கிழக்கே போனால் வாகாடு, அதைத் தாண்டினால் தூபிலிபாளையம் கடற்கரை. தெற்கே போனால் நேலப்பட்டு, சூளூர்பேட்டை, பழவேற்காடு ஏரி. ரயிலில் போகிறவர்கள் கூடூர் போய் வண்டி மாறலாம். நாயுடுபேட்டையும் சூளூர்பேட்டையும் கூடூர்-சென்னை தடத்தில் இருக்கின்றன.

2022 ஏப்ரல் 4-ல் ஆந்திராவில் மாவட்டங்களைப் பிரித்தபோது, நெல்லூர் மாவட்டத்திலிருந்த இந்தக் கரையோரப் பகுதிகள் புதிய திருப்பதி மாவட்டத்துக்கு வந்தன. பழைய சித்தூர் மாவட்டத்துக்குக் கடலே கிடையாது. இப்போது நம் மாவட்டத்துக்கே கரை உண்டு. ஆனால் நம்மில் பாதிப்பேருக்கு அது இன்னும் உறைக்கவில்லை.

மணல்திட்டும் காயலும்

நம் கரையின் அமைப்பைப் புரிந்துகொள்ள ஒரு தூரத்து ஊரைப் பார்ப்போம். மெக்சிகோவில் கான்கூன் என்று ஒரு கடற்கரை நகரம். உலகமெங்கும் இருந்து விடுமுறைக்கு அங்கே போகிறார்கள். ஒரு பக்கம் கரீபியக் கடல், மறுபக்கம் நிச்சுப்தே காயல், இரண்டுக்கும் நடுவே நீளமான மணல்திட்டு. 1970-ல் அந்நாட்டு அரசே திட்டம் போட்டு அங்கே நகரம் கட்ட ஆரம்பித்தது. 1974-ல் முதல் விடுதிகள் திறந்தன.

நம் பக்கத்து நிலமும் கிட்டத்தட்ட அதே அமைப்புதான். கிழக்கே வங்கக் கடல், மேற்கே பழவேற்காடு ஏரி, நடுவே ஸ்ரீஹரிகோட்டா தீவு. இந்தியாவின் உவர்நீர் ஏரிகளில் சிலிகாவுக்கு அடுத்த பெரிய ஏரி பழவேற்காடுதான். கான்கூன் எழுந்த அதே காலத்தில்தான், 1971 அக்டோபர் 9-ல், ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து முதல் ரோகிணி ராக்கெட் கிளம்பியது. 2025 ஜனவரி 29-ல் அங்கிருந்து நூறாவது ஏவுதலும் நடந்துவிட்டது. கான்கூன் மணல்திட்டில் விடுதிகள் எழுந்தன; இங்கே ஏவுதளம் எழுந்தது. அதனால் நம் கரையில் விடுதிகளின் வரிசையைத் தேட வேண்டாம். மீனவக் குப்பங்களும் சவுக்குத் தோப்பும் பறவைகளும்தான் உண்டு. முதல் தடவை கடல் பார்க்கிறவருக்கு அந்த அமைதியே பெரிய வரம்.

எப்போது போவது?

தேதி குறிப்பதில்தான் பாதித் திட்டம் இருக்கிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையும் புயலும் வரும் காலம். அப்போது கரைப் பக்கம் போகவே வேண்டாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம்; மீன் வரத்து குறையும், வெயிலும் கொளுத்தும். எஞ்சியவற்றில் பொங்கல் கழிந்து மாசி முடியும் வரை உள்ள நாட்கள்தான் உத்தமம். பனிக்காற்று இருக்கும், மழை இருக்காது, பறவைகள் நிறைந்திருக்கும். ரதசப்தமியை மட்டும் விட்டுவிட்டு, வார நடுவே இரண்டு நாள் எடுத்தால் கடையை மூடினாலும் பெரிய நஷ்டம் வராது. நாங்கள் ஒரு செவ்வாய், புதனில் போனோம்.

ராக்கெட் ஏவும் நாளில் போக ஆசைப்படுகிறவர்கள் தனியாகத் திட்டம் போட வேண்டும். ஸ்ரீஹரிகோட்டாவில் பொதுமக்கள் பார்ப்பதற்கென்று 2019 முதல் பார்வையாளர் மாடம் இருக்கிறது. இஸ்ரோ அறிவித்ததும் இணையத்தில் முன்பதிவு செய்ய வேண்டும். ஏவுதல் தள்ளிப்போவது சகஜம். அதனால் முதல் பயணத்தையும் ராக்கெட்டையும் ஒன்றாக முடிச்சுப் போடாதீர்கள்.

முதல் நாள் பறவைக்கு

காலையில் கிளம்பி, காளஹஸ்தியில் தரிசனம் முடித்து, மதியச் சாப்பாட்டுக்குப் பின் நேலப்பட்டு. தொரவாரிசத்திரம் பக்கத்தில் இருக்கும் இந்தச் சரணாலயம் கூழைக்கடாக்களுக்குப் பேர்போனது. ஏரித் தண்ணீருக்குள் நிற்கும் நீர்க்கடம்பு மரங்களில் ஆயிரக்கணக்கில் கூடு கட்டும். தாய்ப் பறவை வாயைத் திறந்து பிடிக்க, குஞ்சு தலையை உள்ளே விட்டு மீனை எடுக்கும். அதைப் பார்த்துவிட்டு எங்கள் வீட்டுச் சின்னது அரை மணி நேரம் பேசவே இல்லை. பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்று அங்குள்ள விவசாயிகள் அந்தப் பறவைகளை விருந்தாளிபோல நடத்துகிறார்கள். நாமும் சத்தம் போடாமல் பார்த்துவிட்டு வர வேண்டும்.

இரவு தங்க சூளூர்பேட்டை நல்லது. சைவச் சாப்பாடு தாராளமாகக் கிடைக்கும். மறுநாள் விடியலில் ஏரிச் சாலைக்குப் போய்விடுங்கள். சூளூர்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டா போகும் அந்தச் சாலை ஏரியின் நடுவே நீள்கிறது. இரண்டு பக்கமும் முழங்கால் ஆழத் தண்ணீர், அதில் வரிசையாகப் பூநாரைகள். தலையைத் தலைகீழாகக் கவிழ்த்துச் சேற்று நீரை அலகால் சலித்துத் தின்னும். ஒரு கூட்டம் எழும்பும்போது இறக்கைக்கு அடியில் இருக்கும் சிவப்பு சட்டென்று தெரியும். அம்மா அதைப் பார்த்து, "கனகாம்பரம் மாதிரி" என்றார். ஏவுதள வளாகத்துக்குள் அனுமதி இல்லாமல் விடமாட்டார்கள். பறவை பார்க்க அதுவரை போக வேண்டியதும் இல்லை.

இரண்டாம் நாள் கடலுக்கு

கடல் பார்க்க இரண்டு வழி. ஆற்றோடு போக விரும்புகிறவர்கள் மறுபடி நாயுடுபேட்டைக்கு வந்து வாகாடு வழியாகத் தூபிலிபாளையம் போகலாம். கொஞ்சம் சரித்திரமும் வேண்டும் என்பவர்கள் தடா, கும்மிடிப்பூண்டி, பொன்னேரி சுற்றிப் பழவேற்காடு போகலாம். ஏரியின் தெற்கு முனையில், தமிழ்நாட்டுப் பக்கம் இருக்கும் ஊர் அது. டச்சுக்காரர்கள் 1613-ல் அங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள். சோழமண்டலக் கரையில் அவர்களுடைய தலைமையிடம் நெடுங்காலம் அதுதான். துணி மட்டும் கப்பல் ஏறவில்லை, அடிமைகளாக மனிதர்களையும் அங்கிருந்து பத்தாவியா என்ற தங்கள் துறைமுகத்துக்கு ஏற்றினார்கள். கோட்டை இன்று மண்மேடு. கல்லறைத் தோட்டத்தின் செதுக்கு வேலை மட்டும் இன்னும் கூர்மையாக நிற்கிறது. பிள்ளைகளுக்கு அந்தச் செதுக்கு வேலையின் அழகையும் அடிமை வணிகத்தையும் சேர்த்தே சொல்லுங்கள்.

அங்குள்ள மீனவக் கிராமங்களில் 'பாடு' என்றொரு முறை உண்டு. ஏரியில் மீன் நிறைய விழும் இடங்களுக்குச் சீட்டுப் போட்டு, யார் எந்த நாளில் எந்த இடத்தில் வலை கட்டலாம் என்று முறை வைத்துக்கொள்கிறார்கள். நல்ல இடம் ஒருவருக்கே சொந்தமாகிவிடாமல் காப்பாற்றும் பழைய ஏற்பாடு. முகத்துவாரம் மணலால் தூர்ந்துபோய், ஏரிக்குள் கடல்நீர் வருவது குறைந்து, பிடிப்பும் குறைந்துவிட்டது என்பது அவர்களுடைய நெடுநாள் வேதனை. மடவையோ இறாலோ வாங்கும்போது பேரம் பேசாமல் வாங்குங்கள். அங்குள்ள முஸ்லிம் பெண்கள் பனையோலையில் முடையும் கூடைகளும் பெட்டிகளும் வீட்டுக்கு எடுத்துப்போக நல்ல பொருள்.

அலைக்கு முன்னால்

இந்தப் பகுதியை மட்டும் தயவுசெய்து இரண்டு முறை படியுங்கள். கடல் பழகாத குடும்பத்துக்கு ஆபத்து பெரிய அலையில் மட்டும் இருப்பதாக நினைப்பு. அலை கொண்டுவந்து கொட்டும் தண்ணீர் திரும்பிப் போக ஒரு வழி வேண்டுமே. அது கரையில் ஏதோ ஓர் இடத்தில் ஒடுங்கிய கால்வாய் போல வேகமாக உள்ளே இழுத்துக்கொண்டு போகும். அந்த இடத்தில் அலை உடையாது. கலங்கலாக, அமைதியாகத் தெரியும். அமைதியாக இருக்கிறதே என்று பிள்ளையை அங்கே இறக்குவதில்தான் உயிர் போகிறது.

இழுவையில் சிக்கினால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போடக் கூடாது. மிதந்தபடி, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர்ந்து, இழுவை விட்டபின் திரும்ப வேண்டும். நீச்சல் தெரியாதவர்கள் முழங்காலுக்கு மேல் இறங்கவே வேண்டாம். முகத்துவாரத்தில் ஒருபோதும் இறங்காதீர்கள். எந்தக் கடற்கரையானாலும் முதலில் பக்கத்துக் குப்பத்து ஆட்களிடம் இடம் கேளுங்கள். நாங்கள் கேட்டபோது வலை உதறிக்கொண்டிருந்த ஒருவர், "அந்தப் பக்கம் வேணாம்மா, இழுத்துடும். இப்படி வாங்க" என்று எழுந்து வந்து இடம் காட்டினார். "நல்லா இரு தம்பி" என்று சொல்லிவிட்டு அம்மா அவர் காட்டிய இடத்திலேயே நின்றார்.

படகு விஷயத்திலும் கண்டிப்பாக இருங்கள். 2011 டிசம்பர் 25-ல் பழவேற்காட்டில் உல்லாசப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். உயிர்காப்பு உடை இல்லாத படகில், எத்தனை ஆசையாகக் கூப்பிட்டாலும், ஏறாதீர்கள். படகு இல்லாமலும் கடல் கடல்தான்.

மற்றவை சின்னச் சின்ன விஷயங்கள். கரையில் நிழல் கிடையாது. காலை ஒன்பதுக்கு முன்னும் மாலை நான்குக்குப் பின்னும் வைத்துக்கொள்ளுங்கள். நல்ல கழிப்பறை கரையில் கிடைப்பது அபூர்வம். பெண்கள் சூளூர்பேட்டையிலோ பொன்னேரியிலோ முடித்துக்கொண்டு கிளம்புவது நல்லது. குடிதண்ணீர், மாற்றுத் துணி, துண்டு, கொசுவத்தி, புளியோதரைப் பொட்டலம் போதும். ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரையேறும் காலம். இரவில் கரையில் டார்ச் அடிக்காதீர்கள். கொண்டுபோன குப்பையைத் திரும்பக் கொண்டுவாருங்கள்.

அம்மாவின் கேள்வி

அம்மா கடலைப் பார்த்ததும் கும்பிட்டார். பிறகு வெகுநேரம் குனிந்து மணலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஈர மணலில் சிறு நண்டுகள் உருட்டிப் போட்ட கடுகளவு உருண்டைகள், வளையைச் சுற்றிக் கதிர் கதிராகப் பரவியிருந்தன. "யார் இவ்வளவு அழகாப் புள்ளி வெச்சது?" என்று கேட்டார். அதை மிதிக்காமல் சுற்றிப் போய்த் தண்ணீரில் கால் வைத்தார். அலை திரும்பும்போது குதிகாலுக்கு அடியில் மணல் நழுவ, என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

அப்போதுதான் கேட்டார்: "நம்ம ஆத்துத் தண்ணி இதுல எங்கே இருக்கும்?" வடக்கே, வாகாட்டுப் பக்கம் கலக்கிறது என்று கை காட்டினேன். அந்தத் திசையையே கொஞ்ச நேரம் பார்த்தார். "அன்னிக்கு நம்ம வாசல்ல நின்ன தண்ணியும் இங்கதான் வந்திருக்கும், இல்லே?" என்றார். வெள்ளத்தில் போன அரிசி மூட்டையையும் பூக்கூடையையும் பற்றி அத்தனை நாள் கோபமாகவே பேசிக்கொண்டிருந்தவர் அன்று அதைச் சாதாரணமாகச் சொன்னார்.

இப்போதெல்லாம் ஐப்பசி மழையில் பாலத்துக்குக் கீழே தண்ணீர் ஓடினால், பூக்கட்டும் கையை நிறுத்தாமலே கேட்கிறார்: "இந்நேரம் வாகாடு போயிருக்குமா?" அடுத்த தையில் மறுபடி போக வேண்டுமாம். இந்த முறை ஆறு கலக்கும் இடத்தைக் கரையில் நின்று பார்க்க வேண்டுமாம். தேதி குறித்துவிட்டோம். உங்கள் வீட்டிலும் கடல் பார்க்காத ஒருவர் இருந்தால், வரும் தையில் அவரைக் கூட்டிக்கொண்டு கிளம்புங்கள்.